ஆடிட்டர் குமரப்பாவும் மாத்தர் தாலுகா மாணவர்களும்

ஃபைனல் இயர் வந்தாச்சுன்னா நம்ம எல்லார் ரெஸ்யூமேயிலும் ஒரு வரி கண்டிப்பா இருக்கும்: என்.எஸ்.எஸ். வாலண்டியர். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் கேம்ப், கடைசியில ஒரு சான்றிதழ். கேம்புக்குப் போன நாட்களுக்கு ஓ.டி. கிடைச்சது தனி சந்தோஷம். ஆனா இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் அந்த வரியில் விரலை வைத்து, அங்கே போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மரம் நட்டோம், குளத்தைச் சுத்தம் பண்ணோம், ரேலி போனோம். சரி, எத்தனை மரம்? அதில் எத்தனை பிழைத்தது? தண்ணி ஊத்தினது யாரு? இந்த மூணு கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் கையை உயர்த்தலாம்.

இந்த இதழில் நாம் பார்க்கப்போகிறவர் அப்படிப்பட்ட கேள்விகளை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் ஆடிட்டராகி, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, குஜராத்தில் கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர். பெயர் ஜே.சி.குமரப்பா. காந்தியப் பொருளாதாரம் என்றதும் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் வந்து போகும் பெயர்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற கதை நம்மைப் போல வேலைக்குத் தயாராகிற மாணவர்களுக்கு ரொம்பவே நெருக்கமானது.

1892 ஜனவரி 4ஆம் தேதி பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் ஒழுங்கு அதிகம். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தாத்தாவின் பெயரான குமரப்பாவைக் குடும்பம் எடுத்துக்கொண்டது பிற்பாடு, 1929 வாக்கில். சென்னையில் படித்தார், பிறகு லண்டன் போய்க் கணக்கியல் கற்று, தேர்ச்சி பெற்ற ஆடிட்டரானார். கொஞ்ச காலம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு 1919இல் ஊர் திரும்பி, பம்பாயில் சொந்தமாக ஆடிட் நிறுவனம் நடத்தினார். நல்ல வருமானம். உடுப்பிலும் பழக்கவழக்கத்திலும் முழுக்க வெள்ளைக்காரத் தோரணை. இன்றைய கணக்குக்கு, கேம்பஸில் பெரிய பேக்கேஜில் செலக்ட் ஆனவரின் வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1927இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம், அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற தலைப்பில் பேசினார். அந்தப் பேச்சு பற்றிய செய்தி நாளிதழில் வந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வரி வாங்குவதையும் செலவழிப்பதையும் ஒரு ஆடிட்டரின் கண்ணால் வரிவரியாகப் பார்க்கப் பார்க்க, அதுவரை வெள்ளைக்கார ஆட்சி மேல் இருந்த மரியாதை கரைந்துபோனது. யாரும் மேடை போட்டுப் பேசி அவரை மாற்றவில்லை. கணக்குப் புத்தகம் மாற்றியது.

ஆய்வேட்டை முடித்துக்கொண்டு இந்தியா வந்தவர், அதை அச்சில் கொண்டுவர வழி தேடினார். காந்தியிடம் காட்டலாம் என்று நண்பர்கள் சொல்ல, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். நல்ல வெயில் காலம். மடிப்புக் கலையாத உடுப்பு, கையில் தடி. மரத்தடியில் ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். சந்திப்புக்கு இன்னும் நேரம் இருந்ததால் நின்றபடியே அதை வேடிக்கை பார்த்தார் குமரப்பா. பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, தான் பார்க்க வந்தவரே அவர்தான் என்று. உடனே அந்தச் சாணம் மெழுகிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தும் எழுந்திருக்கவில்லை என்று சொல்வார்கள்.

காந்தி ஆய்வேட்டைப் பாராட்டினார், தன்னுடைய யங் இந்தியா பத்திரிகையில் தொடராகப் போடவும் ஏற்பாடு செய்தார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு தாலுகாவை எடுத்து, அங்கே இருக்கிற கிராமங்களின் பொருளாதார நிலையை நேரில் போய்க் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு வார்த்தை தெரியாது. அதைச் சொன்னபோது, குஜராத் வித்யாபீடத்துப் பேராசிரியர்களும் மாணவர்களும் உதவிக்கு வருவார்கள் என்று பதில் வந்தது.

வித்யாபீடத்தில் நிலைமை வேறு மாதிரி. அங்கே பொறுப்பில் இருந்தவர் காகா காலேல்கர். மொழி தெரியாதவர், பார்த்தால் துரை மாதிரி இருக்கிறார், இவரை வைத்துக்கொண்டு கிராமத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தயக்கம். முதல் சந்திப்பு ஒத்துவராமல் குமரப்பா பம்பாய்க்கே திரும்பிவிட்டார். பாருங்க, லண்டன், கொலம்பியா எல்லாம் ரெஸ்யூமேயில் இருந்தும் முதல் ரவுண்டில் ரிஜெக்ட். பிறகு காந்தி தலையிட்டுத்தான் விஷயம் சரியானது. காலேல்கர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. கிராமத்துக்குப் போகிறவனுக்கு அந்த ஊர்க்காரரிடம் பேசத் தெரியாவிட்டால் பட்டம் என்ன செய்யும்?

இங்கே வித்யாபீடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது காந்தி தொடங்கிய கல்வி நிலையம் அது. அரசுக் கல்லூரிகளை விட்டு வெளியே வந்த மாணவர்களுக்காக உருவானது. அது கொடுக்கும் பட்டத்தை அன்றைய அரசு ஏற்கவில்லை. அதாவது, அந்தப் பட்டத்தை நம்பி ஒரு அரசு குமாஸ்தா வேலைக்குக்கூட மனுப் போட முடியாது. எம்ப்ளாயபிலிட்டி என்று நாம் இன்று சொல்வதை அந்தப் பசங்க வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். குமரப்பாவுக்குக் கிடைத்த டீம் இதுதான்.

வேலை நடந்த இடம் கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகா. ஏன் கணக்கெடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1928இல் சூரத் மாவட்டத்தில் பர்தோலி விவசாயிகள், நிலவரியை 22 சதவீதம் கூட்டியதை எதிர்த்து வல்லபாய் படேல் தலைமையில் போராடினார்கள். கடைசியில் அரசே ஒரு விசாரணை வைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததில், வரியை ஏற்றுவதற்கு அதிகாரிகள் எழுதிய அறிக்கை நிற்கவில்லை. உயர்வு சுமார் 6 சதவீதமாக இறங்கியது. நேரில் எடுத்த எண்ணுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை குஜராத் முழுக்கப் பார்த்தது. மாத்தரில் விவசாயி உண்மையில் எவ்வளவு சம்பாதிக்கிறான், எவ்வளவு கட்டுகிறான் என்று கேட்பது வெறும் புராஜெக்ட் வேலை இல்லை. தப்பான ஒரு எண் போதும், மொத்த அறிக்கையையும் எதிர்த்தரப்பு குப்பையில் போட்டுவிடும்.

1929 கடைசியிலும் 1930 தொடக்கத்திலுமாக, ஒரு சிறு மாணவர் குழுவோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களைச் சுற்றினார் குமரப்பா. நிலம் எவ்வளவு, என்ன பயிர், மாடு எத்தனை, கடன் யாரிடம், வட்டி என்ன, வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில், எவ்வளவு வரி. கேள்விகள் என்னவோ சாதாரணமாகத் தெரியும். நம்மில் உன்னத் பாரத் அபியான் சர்வேக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்விகள் புதுசும் இல்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். நாமும் படிவத்தோடு போகிறோம், வருமானம் என்ற கட்டத்தில் ஒரு தொகையை எழுதுகிறோம், திரும்பி வருகிறோம்.

அந்த ஒரு கட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருக்கிற ஏதாவது ஒரு ஊரை எடுத்துக்கோங்க. ஒரு வீட்டில் மகன் கான்ட்ராக்டர் மூலமாகக் கம்பெனிக்குப் போகிறான், ஷிஃப்ட் இருந்தால்தான் காசு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அப்பாவிடம் அரை ஏக்கர் நெல், அதில் பாதி வீட்டுச் சாப்பாட்டுக்கே போய்விடும். நாலு ஆடு இருக்கிறது, அவசரத்துக்கு விற்பதற்கு. இந்த வீட்டின் மாத வருமானம் என்ன? வீட்டில் சாப்பிட்ட நெல்லுக்கு விலை போடுவதா வேண்டாமா? ஆடு வருமானமா, சேமிப்பா? எந்த மாதத்தைக் கணக்கில் எடுப்பது? கேட்டவுடனே அவர்கள் சொல்லும் தொகை உண்மையா, ரேஷன் கார்டு போய்விடுமோ என்ற பயத்தில் குறைத்துச் சொன்னதா? பழவேற்காடு பக்கம் போனால் இன்னும் சிக்கல். மீன்பாடு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது.

ஆடிட்டருக்கு இந்த இடம்தான் வேலை ஆரம்பிக்கும் இடம். குமரப்பாவின் பலமும் அதுவே. கம்பெனிக் கணக்கில் ஒரு ரசீதை எப்படிச் சந்தேகத்தோடு பார்ப்பாரோ அப்படியே கிராமத்து எண்ணையும் பார்த்தார். மாணவர்கள் மொழியைக் கொண்டுவந்தார்கள், ஊரைப் பற்றிய அறிவைக் கொண்டுவந்தார்கள். இவர் கணக்கைக் கொண்டுவந்தார். ஒருவருக்கு இல்லாதது இன்னொருவரிடம் இருந்தது. டீம் ஒர்க் என்ற வார்த்தையை நம்ம சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் பத்து தடவை கேட்டிருப்போம். அது எப்படி இருக்கும் என்பதற்கு, குஜராத்தி தெரியாத ஒரு தமிழரும் கணக்கியல் தெரியாத குஜராத்திப் பசங்களும் ஒரே அட்டவணையை நிரப்பியதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1931இல் அந்த அறிக்கை புத்தகமாக வந்தது. கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகா பற்றிய ஆய்வு என்பதுதான் தலைப்பு, அலங்காரம் எதுவும் கிடையாது. விவசாயி மேல் விழும் வரி அவன் தாங்குகிற அளவைத் தாண்டியது என்பதை அது எண்களால் காட்டியது. இந்தியாவில் கிராமங்களை நேரில் போய்ப் படித்த முன்னோடி ஆய்வுகளில் ஒன்றாக அதை இன்றும் பொருளாதார மாணவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கணக்கெடுப்பு முடிகிற நேரம் நாடே வேறு வேகம் எடுத்தது. 1930 மார்ச் 12 அன்று காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். அந்தப் பாதை கேடா மாவட்டத்துக்குள், மாத்தர் வழியாகவே போனது. வித்யாபீடத்து மாணவர் குழு ஒன்று யாத்திரைக்கு முன்னாலேயே ஒவ்வொரு ஊருக்கும் போய் ஏற்பாடு செய்ததோடு, அந்த ஊரின் மக்கள்தொகை, மாடுகள், வரி, உப்புச் செலவு என்று விவரமும் திரட்டிக் கொடுத்தது. கிராமத்துக்குள் போய்க் கேள்வி கேட்கவும், பதிலை எழுதவும், ராத்திரிக்குள் அதை இன்னொருவர் பயன்படுத்தும்படி கொடுக்கவும் வித்யாபீடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

காந்தி கைதான பிறகு யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பு குமரப்பா கைக்கு வந்தது. அச்சகம் போனால் என்ன, சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்டார்கள். 1931இல் சிறை, மறுபடி 1932இல் நீண்ட சிறை. பம்பாய் ஆடிட் ஆபீஸ் பக்கம் அவர் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

1934 ஜனவரி 15. பீகாரில் பெரும் பூகம்பம், ஆயிரக்கணக்கான சாவு. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடு முழுக்க இருந்து பணம் வந்து குவிந்தது, தொண்டர்களும் வந்து குவிந்தார்கள். நல்ல மனசோடு வருகிற கூட்டத்தில்தான் கணக்கு காற்றில் போகும். சுனாமி சமயத்திலும் 2015 வெள்ளத்திலும் நம்ம ஊரில் பார்த்ததுதானே? ஒரே தெருவுக்கு நாலு லாரி பிஸ்கட், அடுத்த தெருவுக்கு ஒன்றும் இல்லை. பீகாரில் இந்தப் பணத்தைக் காக்கக் குமரப்பாவைக் கூப்பிட்டார்கள்.

தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு இத்தனை அணாதான் என்று குழு ஒரு அளவு வைத்திருந்தது. குமரப்பா அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடித்தார். காந்தியும் அவருடன் இருப்பவர்களும் பீகார் வந்தபோது, அவர்கள் சாப்பாட்டுச் செலவும் வண்டிச் செலவும் அந்த அளவுக்குள் அடங்காது என்பதால் நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். யாரிடம்? காந்தியின் செயலாளரிடம். காந்தி கோபப்படவில்லை. தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். இன்னொரு சமயம் காந்தி சந்திக்கக் கூப்பிட்டபோது, கணக்கு முடிக்கிற வேலை இருக்கிறது, முன்கூட்டியே நேரம் கேட்கவில்லையே என்று இவர் வரமறுத்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. கொஞ்சம் ஓவர்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பல லட்சம் ரூபாய் பொதுப்பணத்தை ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றால், அந்த மாதிரி ஆளைத்தானே தேடுவோம்? நம்ம கல்லூரி சிம்போசியத்தின் வரவு செலவை முடிக்கவே மூணு மாசம் ஆகிறது என்பதை இங்கே யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

அதே வருடம் டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். இடம் மகன்வாடி, ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம். அங்கே நடந்ததை நம்ம பாஷையில் சொன்னால் ஒரு ஒர்க்‌ஷாப், ஒரு லேப், ஒரு டிரெயினிங் சென்டர் எல்லாம் ஒன்றாக. எண்ணெய்ச் செக்கை எப்படி மேம்படுத்தினால் மாட்டுக்குப் பாரம் குறையும், நெல்லைக் கைக்குத்தலாக எடுத்தால் சத்து எவ்வளவு மிச்சம், கழிவுப் பொருளிலிருந்து காகிதம் எப்படி, தேனீ வளர்ப்பு, சோப்பு, பனைவெல்லம். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கையும் உருவாக்கி, மகன் தீபம் என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தின் ஆலோசகர் பட்டியலில் சி.வி.ராமன், ஜகதீஷ் சந்திர போஸ், பி.சி.ராய் பெயர்கள் இருந்தன. கிராமத் தொழில் என்றால் அறிவியலுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பல மாகாணங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். குமரப்பா அவர்களோடு அதே வளாகத்தில், அதே எளிய சாப்பாட்டோடு இருந்தார். உடுப்பும் மாறிவிட்டது. வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் நடுவில் ஒன்றைத் தானே வடிவமைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். துணி மிச்சம், வேலைக்கும் வசதி. புராடக்ட் டிசைன் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்தரில் ஆரம்பித்த கணக்கெடுக்கும் பழக்கம் அவரை விடவில்லை. 1939 வாக்கில் மத்திய மாகாண அரசுக்காக அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் தொழில் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவிலும் இடம் கொடுத்தார்கள். அங்கே பெரிய தொழிற்சாலைதான் பேச்சு என்று தெரிந்ததும் கொஞ்ச காலத்தில் வெளியே வந்துவிட்டார். இதில் அவரோடு சண்டை போடலாம். கும்மிடிப்பூண்டி, காக்களூர், அம்பத்தூர் என்று தொழிற்பேட்டைகளை நம்பிப் படிக்கிற நமக்கு, பெரிய ஆலையே வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை முழுசா ஏற்பது கஷ்டம். நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய ஒரு கேள்வியைத் தள்ளவும் முடியவில்லை. நிலக்கரி, எண்ணெய் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்வது ஒரு வகை. ஆறு, காடு மாதிரி அளவோடு எடுத்தால் திரும்ப ஊறுவது இன்னொரு வகை. எதை நம்பி ஊரைக் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை எடுத்து எடுத்துக் கடல்நீர் உள்ளே வந்த கதையை நம்ம சுற்றுச்சூழல் பாடத்திலேயே படிக்கிறோம். ஊறுகிற வகைத் தண்ணீரையும் தீர்கிற வகையாக மாற்ற முடியும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இந்தச் சிந்தனையைத்தான் 1942க்குப் பிறகான சிறைவாசத்தில் எகானமி ஆஃப் பெர்மனென்ஸ் என்ற புத்தகமாக எழுதினார். இயேசுவின் போதனைகளைப் பற்றியும் அங்கேயே ஒரு புத்தகம் எழுதினார். முன்னுரை எழுதிய காந்தி, இவரைக் கிராமத் தொழில்களுக்கான டாக்டர் என்று குறிப்பிட்டுவிட்டார். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பட்டம் அது. ஆனால் அன்றிலிருந்து இன்று வரை அவர் டாக்டர் குமரப்பாதான்.

நடுவில் ஒரு தகவல். அவருடைய அண்ணன் தம்பிகளும் சும்மா இருக்கவில்லை. பாரதன் குமரப்பா கிராமத் தொழில் சங்கத்தில் இவரோடு வேலை செய்தார். ஜே.எம்.குமரப்பா பம்பாயில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, சமூகப்பணியை ஒரு படிப்பாகவே வளர்த்தவர்களில் ஒருவர். எம்.எஸ்.டபிள்யூ. என்று இன்று கல்லூரி கல்லூரியாக இருக்கிற படிப்புக்கு வேர் அங்கேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949இல் வந்த அதன் அறிக்கை, உழுகிறவனுக்கு நிலம் என்ற பக்கம் உறுதியாக நின்றது. ஆட்சியில் இருந்தவர்களோடு இடைவெளி கூடிக்கொண்டே போனது. பதவி எதுவும் தேடவில்லை. கிட்டத்தட்ட அதே சமயம், நம்ம மாவட்டத்துத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசியத் தொண்டில் ஈடுபட வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து கிளம்பி, பல குழுக்களைத் தாண்டி, காந்தி நூற்றாண்டான 1969 செப்டம்பர் 24 அன்று என்.எஸ்.எஸ். ஆக ஆரம்பமானது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். மாத்தர் கணக்கெடுப்பு நடந்து அப்போது நாற்பது வருடம்.

குமரப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. இரத்தக் கொதிப்பு அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1950களின் நடுவில் தமிழ்நாட்டுக்கே திரும்பி, மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சின்ன வீட்டில் தங்கினார். லண்டன், நியூயார்க், பம்பாய், வார்தா எல்லாம் சுற்றியவருக்குக் கடைசியில் கரிசல் காட்டு ஓரம். அங்கேயும் சும்மா இல்லை. சுற்று வட்டாரத்து விவசாயிகளையும் ஆசிரமத்தில் பயிற்சிக்கு வந்த இளைஞர்களையும் பார்த்துக்கொண்டு, எழுதிக்கொண்டும் இருந்தார்.

அவர் அறைச் சுவரில் ஒரு ஏழைக் கிராமத்தானின் படம் மாட்டியிருந்ததாகச் சொல்வார்கள். பார்க்க வருகிறவர்கள் இது யார் என்று கேட்பார்களாம். காந்தி தனக்கு முதலாளி, இந்த ஆள் அந்த முதலாளிக்கே முதலாளி என்ற பொருளில் விளக்கம் வருமாம். ஆடிட்டர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார். காந்தி இறந்த அதே தேதி. வயது 68. மாத்தர் தாலுகா அறிக்கை இப்போதும் படிக்கக் கிடைக்கிறது. கதை மாதிரி ஓடாது, அட்டவணைகள்தான் அதிகம். அடுத்த கேம்புக்கோ சர்வேக்கோ படிவம் தயார் செய்கிறவர்கள், அதில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் கட்டங்களைப் போடுங்கள்.